நெய்தல் மணலும் நன்னெறியும்

தொண்டைநாட்டின் தென்கீழ்க் கரையில், புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் என்னும் பேரூர் உளது. கீழ்பால் கடலும், தென்மேற்கே கழுவெளி என்னும் பெருங்கழியும் அமைய, இடைப்பட்ட தாழ்நிலமெல்லாம் உப்புப் பாத்திகளாய்ப் பரந்து கிடக்கும். திண்டிவனத்திலிருந்து கிழக்கு நோக்கி வருவார்க்கு ஏரியும் நெல்வயலும் தோப்புமாய் வந்த நாடு திடுமென ஒழிந்து, மரநிழலற்ற வெளியும், கண் கூசும் வெண்குவியல்களும், உவர்க்காற்றும் எதிர்ப்படும். ஒரு நாழிகை வழியில் திணையே மாறிவிடும். இம்மாற்றத்தைக் கண்டவர் உள்ளம் சிறிதேனும் அசையாது போதல் அரிது.

இக்கரையில் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே ஈண்டு ஆராயப்படுவது. அது போர்ச்செய்தியன்று; அரசர் கொடையுமன்று. பெரும்புலவர் ஒருவர் தாம் நெடுநாட் பற்றியிருந்த ஒரு துணிபை ஓர் இரவிலே விட்டு மற்றொன்றைக் கைக்கொண்ட செய்தியாம். சரித்திர நூலார் இதனை ஓரிரு வரியிற் கூறிக் கடந்துவிடுவர். அப்புலவர் கருத்து மாறியதற்கும் அவர் இருந்த இடம் மாறியதற்கும் இயைபுண்டோ என்பதை ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

அதற்கு முன் இந்நிலத்தின் தொழிலைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. கழிநீரை நேரே உப்புப் பாத்தியில் நிறைத்தால் நல்லுப்பு விளையாது. முதற்கண் நீரை அகன்றதொரு தேக்கத்தில் நிறுத்துவர். வண்டல் அடியில் தங்கும். பின்னர் ஆழங்குறைந்த பாத்திகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அதனைப் பாய்ச்சுவர். வெயிலாலும் காற்றாலும் நீர் சுண்டச் சுண்ட, முன்னுள்ள பாத்திகளில் சுண்ணமும் ஜிப்சமும் பிரிந்து படியும். அவையெல்லாம் கழிந்த தெளிந்த நீரே இறுதிப் பாத்தியை அடைந்து உப்பாய்ப் பூக்கும். பூத்த பின்னும் எஞ்சிய நீரை அங்கேயே தேக்கி வைப்பின் கசப்பேறி விளைவு கெடும். ஆதலின் அதனை வடித்து விடுவர். தை மாசியில் தொடங்கும் இத்தொழில் ஐப்பசி மழைக்கு முன் முடியும். நீர் ஒன்றே; ஆயின் அது நின்ற பாத்திதோறும் தருவது வேறு. ஒரே பாத்தியில் முதலிலிருந்து முடிவு வரை நிறுத்தப்பட்ட நீர் எல்லாவற்றையும் கலந்தே தரும். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

மரக்காணத்தின் பழமை சங்ககாலத்தே தொடங்குகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது, 269 அடிகளையுடையது. அதனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டினர். இடைக்கழிநாடு என்பது மரக்காணத்திற்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நிலமேயாகும். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. அந்நூலுள் கூறப்படும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. வறுமையால் வாடிய பாணன் முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தையும், பின் முல்லை நிலத்து வேலூரையும், பின் மருத நிலத்து ஆமூரையும் கடந்து வள்ளலின் கிடங்கிலை அடைவதாகப் புலவர் வழி வகுத்தார். திரை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் ஒட்டகங்கள் உறங்குவனபோற் கிடக்குமென்றும், அவற்றையே விறகாக எரிப்பரென்றும், அவ்வூரிற் சுட்ட உலர்மீன் பெறலாமென்றும் அவர் கூறுவன, கரையிற் பிறந்து வளர்ந்தார் கூற்றென்பதிற் சிறிதும் ஐயமில்லை.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெறும் வழியைக் கூறுவதென்று இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் சொல்லி அமைவர். ஆயின் நத்தத்தனார் வள்ளல் ஊரை நேரே சொல்லி விடாமல், நிலந்தோறும் அந்நிலத்து உணவையும் மக்களையும் காட்டிச் செல்லுதல் எற்றுக்கு? பசித்த பாணன் கிடங்கிலை அடையும்போது புறப்பட்ட பாணனாக இருப்பதில்லை. மூன்று நிலத்தின் உணவும் அவன் வயிற்றில் உள்ளன. மூன்று நிலத்தின் காட்சியும் அவன் நெஞ்சில் உள்ளன. அத்தகையவன் யாழே வள்ளல்முன் இசைக்கும்.

பிற்காலத்துச் சோழர் ஆட்சியில் இவ்வூரிற் பூமீசுவரர்க்குக் கற்றளி எழுந்தது. அதன் கல்வெட்டுகளில் உப்பளங்களைப் பற்றிய செய்தியும் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் நாட்டில் இறைவன் திருக்கோயிற்கும் உப்புத் துணை நின்றது வியப்பன்று. திருஞானசம்பந்த சுவாமிகள் பதிகம் பெற்ற திருவக்கரை, திருவரசிலி, இரும்பை மாகாளம் என்பன தொண்டைநாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டனுள் இறுதியில் எண்ணப்படுவன. அவை மூன்றும் இக்கரைக்குச் சிறிது மேற்கே, ஒருவர் ஓரிரு நாளில் நடந்து கும்பிடும் தொலைவில் உள்ளன. ஆதலின் இவ்வழி அடியார் நடந்து பழகிய வழியென்க.

இனி, இடம் மாறுதலால் அறிவு மாறுமோ என்னும் வினா. சைவசித்தாந்தம் ஆன்மாவின் இயல்பைக் கூறுமிடத்துச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று கூறும். படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல ஆன்மா தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும். மலத்தைச் சார்ந்தவிடத்து மலமாயும் சிவத்தைச் சார்ந்தவிடத்துச் சிவமாயும் நிற்பதே இதன் முடிந்த பொருள். ஆயின் அவ்விரண்டற்கும் இடைப்பட்ட உலக வாழ்விலும் இவ்வியல்பு ஒழிவதில்லை. தலயாத்திரை விதிக்கப்பட்டதும், மடங்களில் தம்பிரான்மார் ஓரிடத்தே தேங்காது வெவ்வேறு கிளைமடங்கட்குச் செலுத்தப்படுதலும், இவ்வியல்பை அறிந்த பெரியோர் செய்த ஏற்பாடென்றே தோன்றுகிறது. அற்றேல், ஊர்சுற்றுவார் யாவரும் அறிஞராதல் வேண்டுமே எனின், ஆகார். படிகத்தின்மேல் அழுக்குப் படிந்திருப்பின் அடுத்த பொருளின் நிறம் தோன்றாது. காசியிலிருந்து மீண்டு வந்தும், சத்திரத்துச் சோற்றின் குறையன்றி வேறு பேச அறியாதாரை எவ்வூரினும் காணலாம்.

கவிசார்வபௌமர் எனப் போற்றப்படும் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டினர். வீரசைவ மரபினர். காஞ்சிபுரத்துக் குமாரசுவாமி தேசிகர்க்கு மூத்த மகனார், வேலையர், கருணைப்பிரகாசர் என்பார் இளவல்மார், ஞானாம்பிகை தங்கையார். தந்தையார் இளமையிலே மறைந்தமையால் காஞ்சியை விட்டுத் திருவண்ணாமலை சேர்ந்தனர். துயரம் காரணமாக நேர்ந்த இம்முதற் பெயர்ச்சியே அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த பெயர்ச்சிகட்குத் தொடக்கமாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்தார். அதற்குள் அவர் கால் படாத பெருவழி தமிழ்நாட்டிற் சிலவேயாம்.

திருவண்ணாமலையில் அவர் செய்தது சோணசைல மாலை. மலையை வலம்வரும்போதே நூறு செய்யுளையும் பாடி முடித்தாரென்பர். கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒவ்வோர் அடியிலும் மலையின் முகம் மாறுவதை வலம்வந்தார் அறிவர். ஒருபுறம் ஒரு சிகரமாய்த் தோன்றுவது மறுபுறம் பலவாய்த் தோன்றும். நூறு செய்யுளிலும் விளிக்கப்படுவது ஒரே சோணசைலம். நூறிலும் கற்பனை வேறு வேறு. இருந்த இடத்திருந்து மலையை நோக்கிப் பாடியிருப்பின் இவ்வேறுபாடு இத்துணை எளிதில் வாய்த்திருக்குமோ என்பது எண்ணத்தக்கது.

பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியார் மடம் அமைத்துக் கொடுத்து அவரை ஓம்பினார். உணவுக்கும் உறையுளுக்கும் குறைவில்லை; ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மற்றொருவராயின் அங்கேயே அமர்ந்து வள்ளலைப் பாடிக் காலங்கழித்திருப்பர். இவர் இலக்கணம் கற்கவேண்டுமென்று தெற்கே புறப்பட்டார். திருநெல்வேலிச் சிந்துபூந்துறையில் இருந்த தருமபுர ஆதீனத்து வெள்ளியம்பலவாணத் தம்பிரான் சுவாமிகள் இவரைச் சோதித்தார். 'கு' என்னும் எழுத்தில் தொடங்கி, இடையில் 'ஊருடையான்' என்னும் சொல்லை வைத்து, 'கு' என்றே முடியும் வெண்பா ஒன்று பாடுக என்றனராம். அக்கணமே பாடினார். பின்னர்ப் பதினைந்து நாளில் இலக்கணம் முற்றும் கற்றார் என்பது வரலாறு. வீரசைவர் ஒருவர் சித்தாந்தசைவ ஆதீனத்துத் தம்பிரானை ஆசிரியராகக் கொண்டதும், அத்தம்பிரான் மரபு வேற்றுமை பாராது கற்பித்ததும் நம் சமயத்தார் நினைந்து மகிழத்தக்கன. இக்காலத்துச் சிறு வேற்றுமைக்கும் பெருஞ்சுவர் எழுப்புவார் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கற்பித்ததற்குக் கைம்மாறாகக் கொடுத்த முந்நூறு பொன்னைத் தம்பிரான் ஏற்றிலர். திருச்செந்தூரில் தம்மை இகழும் புலவன் ஒருவனை வென்று வருதலே தக்க காணிக்கையென்றார். சிவப்பிரகாசர் திருச்செந்தூர் சென்று, இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஒலிக்கும் நிரோட்டக யமக அந்தாதி பாடி வென்றார். பகரமும் மகரமும் வகரமும், உகரம் ஒகரம் முதலிய உயிர்களும் வாராமல், அதனோடு யமகமும் அந்தாதித் தொடையும் அமையப் பாடுதல் எத்துணை அரிதென்பது பாட முயன்றார்க்கே விளங்கும். இது நடந்ததும் கடற்கரையிலேதான் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இவ்வாறு ஊர்தோறும் ஒரு நூல் பிறந்தது. முதுகுன்றத்திற் பழமலை அந்தாதி முதலியன, கூவத்திற் புராணம். காஞ்சியில் இருந்த காலத்திலே கன்னட நூற்பொருளைத் தமிழ்ப்படுத்தும் பெரும்பணி நிகழ்ந்ததாகக் கூறுவர். சாமரசர் கன்னடத்திற் செய்த பிரபுலிங்க லீலை தமிழில் இருபத்தைந்து கதிகளாய் எழுந்தது. நிசகுண சிவயோகியின் விவேக சிந்தாமணியில் ஒரு பகுதி வேதாந்த சூடாமணியாயிற்று. உப்பளத்து நீர் பாத்திதோறும் ஒவ்வொன்றை இட்டுச் செல்வதுபோல இவரும் ஊர்தோறும் ஒவ்வொன்றை இட்டுச் சென்றார்.

இங்ஙனம் எவ்வூர் சென்றும் மாறாதது ஒன்று அவர்பால் இருந்தது. இறைவனையன்றி மானிடரைப் பாடுவதில்லை என்பதே அது. இத்துணிபு தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. நாயன்மார் காட்டிய நெறியே. பொருள் வேண்டிப் புல்லரைப் பாடும் இழிவினின்றும் நாவைக் காப்பது எவர்க்கும் அழகு. ஆயின் நல்ல துணிபும் ஓரிடத்தே நெடுநாள் தேங்கிய நீர்போலச் சிறிது கசப்பேறுதல் உண்டு. மானிடரைப் பாடேன் என்பது 'எவரையும் வணங்கேன்' என்னும் எல்லையை மெல்ல மெல்ல அடுத்துவிடும். பாடுவோர் அதனை அறியார்.

அக்காலத்துப் பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகளுடன் இவர் நட்புக்கொண்டார். ஞானாம்பிகையை மணந்தவர் அவரே. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பொம்மபுரத்தில், பிரமபுரம் என்றும் கூறுவர், சிவஞான பாலைய சுவாமிகள் என்னும் ஞானாசிரியர் மடம் அமைத்து வீற்றிருந்தார். சாந்தலிங்கர் இவரை அவர்பால் வருமாறு அழைத்து, அவர்மேற் பாடுக என்றும் வேண்டினார். சிவப்பிரகாசர் தம் துணிபைக் கூறி மறுத்தார். வழியில் இருவரும் புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் இரவு தங்கினர் என்று சரித்திரம் கூறும்.

புத்துப்பட்டு மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கடற்கரைப் பெருவழியில் உள்ளது. ஐயனார்க்கு விடப்பட்ட அடர்ந்த சோலை அங்கு உண்டு. கரையோரத்தின் பழங்காடு பெரும்பாலும் அழிந்துபோன இந்நாளிலும் அச்சோலையின் ஒரு பகுதி எஞ்சி நிற்பது ஊரார் அச்சத்தாலும் அன்பாலுமேயாம். உவர்வெளியிற் பகலெல்லாம் நடந்து வந்தவர்க்கு அச்சோலை எத்தகைய இடமாக இருந்திருக்கும்! அங்கே வாதம் புரியும் புலவர் இல்லை. வள்ளலின் மாளிகை இல்லை. சிவலிங்கத்தின் முன்னிலையிற் பாடிப் பழகிய நாவுக்கு, குதிரைமேல் அமர்ந்து ஊர்காக்கும் ஓர் ஊர்த்தெய்வத்தின் முன்னிலை புதியது.

அவ்விரவிற் கனவில் முருகப்பெருமான் மயில்மேல் எழுந்தருளி மலர்களைக் கொடுத்து, இவற்றை மாலையாகத் தொடுத்து எமக்குச் சூட்டுக என்றனராம். விழித்த புலவர் அதன் குறிப்பை உணர்ந்தார். ஞானாசிரியரைப் பாடுதல் இறைவனைப் பாடுதலே என்று தெளிந்தார். சிவஞான பாலைய சுவாமிகள்மேல் தாலாட்டும் நெஞ்சுவிடு தூதும் பாடினார். பள்ளியெழுச்சி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் முதலியனவும் அவ்வாசிரியர்மேற் பாடியுள்ளார்.

கனவை ஏலாதார் கனவை விடுக. நூல்கள் கிடைத்துள்ளன, அவற்றை விடுதல் இயலாது. மானிடரைப் பாடேன் என்றவர் மானிட வடிவில் வந்த குருவைப் பல நூல்களாற் பாடினார் என்பது நூல்களே கூறும் சான்று. கருத்து மாறியது, ஐயமில்லை. மாறியது எப்பொழுது, எங்கே என்பதற்குக் கர்ண பரம்பரை புத்துப்பட்டைக் காட்டுகின்றது. அப்பரம்பரை பொம்மபுரத்து மடத்தைக் காட்டாமல், மடத்திற்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு சோலையைக் காட்டியது குறிப்பிடத்தக்கது. குருவின் முன்னிலையில் மாறினார் என்று கூறியிருப்பின் அது குருவின் பெருமையை இன்னும் உயர்த்தியிருக்கும். புனைந்துரைப்பார் அங்ஙனமே புனைந்திருப்பர். வழியில் மாறினார் என்றே செய்தி நின்றது. பழைய இடத்தை நீங்கியாயிற்று, புதிய இடத்தை அடைந்திலர். அந்நிலையிலே உள்ளம் பிடித்ததை விடும் என்பது யாத்திரை செய்தார் பலர் அறிந்ததே.

சைவ வரலாற்றில் இதற்கு ஒப்பானதும் பெரியதுமாகிய நிகழ்ச்சி உமாபதி சிவாசாரியாருடையது. தில்லைவாழந்தணர் மரபினராகிய அவர் மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் விலக்கப்பட்டுத் தில்லையின் புறத்தே கொற்றவன்குடியில் உறைந்தார். நடராசப் பெருமான் சந்நிதியிலிருந்து கொற்றவன்குடி நெடுந்தொலைவன்று. சிறு பொழுதில் நடந்து சேரலாம். ஆயின் அந்நடை அவரைக் கொண்டு சேர்த்த தொலைவு பெரிது. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு அவர் செய்தன. அவற்றுள் சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235-ல், அஃதாவது கி.பி. 1313-ல் இயன்றது. இடப்பெயர்ச்சியின் அளவைக் காதத்தால் அளத்தல் கூடாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

சாந்தலிங்கர் மரபிலேயே மற்றொருவர் உளர். அவர் மாணாக்கர் குமாரதேவர். குமாரதேவர் மாணாக்கர் சிதம்பர சுவாமிகள். மதுரையில் மீனாட்சியம்மையை வழிபட்டிருந்த சிதம்பர சுவாமிகள், அருள்வழிப்பட்டு இதே கடற்கரைக்கு வடக்கிலுள்ள திருப்போரூரை அடைந்து, அழிந்து கிடந்த முருகன் திருக்கோயிலை எடுப்பித்துச் சந்நிதிமுறை பாடினார். அவர் வரலாறு தனியே எழுதத்தக்கதாதலின் ஈண்டு விரிக்கப்படவில்லை.

பொம்மபுரம் சேர்ந்த பின் சிவப்பிரகாசர் செய்தவற்றுள் நன்னெறியும் ஒன்றென்று கொள்வதற்கு இடமுண்டு. நாற்பது வெண்பா, ஒவ்வொன்றிலும் ஒரு நீதியும் அதற்கோர் உவமையும் அமையும். இந்நூலை ஆசிரியர் கடற்கரை மணலிலே தம் விரலால் எழுத, மாணாக்கர் அவற்றைப் பார்த்து ஏட்டில் எழுதிக்கொண்டனர் என்பது வழிவழி வருஞ் செய்தி. கடலோரத்து மடத்தில் மாணாக்கரோடு இருந்த காலத்தை அதனோடு இயைத்துக் காண்டல் பொருந்தும்.

ஏடு என்பது புலவர்க்குப் பெருமை தருவது. எழுத்தாணி கொண்டு கீறியது பல தலைமுறை நிற்கும். ஆதலின் ஏட்டின் முன் அமர்ந்த புலவர் உள்ளம் தன்னை அறியாமலே நிமிரும். யமகமும் திரிபும் மடக்கும் அங்கே பிறக்கும். மணலோ அடுத்த அலை வரும் வரையிலே எழுத்தைத் தாங்குவது. அதில் எழுதுவார் திருத்தி நீட்டுதற்கு இடமில்லை. குனிந்து எழுதல் வேண்டும். அருகு நிற்கும் இளைஞர் படித்தறியுமாறு எழுதல் வேண்டும். இதழ் ஒட்டாத அந்தாதி பாடிய அதே நா, சிறுவரும் ஒரு முறை கேட்டு உட்கொள்ளும் வெண்பாவைக் கூறியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நன்னெறியைக் கற்றார் எத்தனையோ ஆயிரவர். நிரோட்டக யமக அந்தாதியைக் கற்றார் எத்துணையர்?

கடற்கரையே இவ்வெளிமைக்குக் காரணமாயின் திருச்செந்தூர்க் கடற்கரை எளிய நூல் தராதது ஏன் என்னும் தடை எழும். தக்க தடையே. அங்கும் இதே கடல், இதே மணல். ஆயின் அங்கு அவர் வெல்லும் பொருட்டுச் சென்றார். இங்குக் கற்பிக்கும் பொருட்டு இருந்தார். பகைவன் முகத்தையே நோக்கி நிற்பார்க்கு அருகே கிடக்கும் கடல் தோன்றாது. ஆகவே இடம் மாறுதல் மட்டும் போதாது. அவ்விடத்திற்கு எதனைச் சுமந்துகொண்டு செல்கின்றோம் என்பதும் உண்டு. புத்துப்பட்டுச் சோலையில் ஒரு சுமை இறங்கிய பின்னரே பொம்மபுரத்துக் கடல் அவர் கண்ணிற் பட்டது போலும்.

நன்னெறியின் உவமைகளை நோக்குவார் இதனை ஒருவாறு உணரலாம். கை நாவிற்கு உணவூட்டுவது நாவின் புகழ்ச்சியை வேண்டியன்று என்பதும், கன்றைக் காட்டிப் பசுவைக் கறப்பதும் எவ்வூரிலும் உள்ளன. சாக்கிய நாயனார் எறிந்த கல்லையும் மன்மதன் எய்த மலரையும் ஒப்பிட்டு வன்சொல் இன்சொற்களின் உண்மையைக் காட்டுவது சைவநூற் பயிற்சியால் வந்தது. ஆயின் இரண்டு உவமைகள் உப்பங்கழிக் கரைக்கே உரியனபோற் காண்கின்றன. ஒன்று: பிறர்க்கு உதவாதார் செல்வம் பின்னர் உதவுவார் கையை அடைதற்கு, எவர்க்கும் உதவாத கடல்நீரை மேகம் முகந்து மழையாய்ப் பொழிதலை ஒப்புக் கூறியது. இது புலவர் பலர்க்கும் பொதுவென்று சொல்லிவிடலாம். கடலைக் காணாத புலவரும் கடலைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று.

மற்றொன்று அத்தகையதன்று. உயர்ந்தோர் தம் தலைமையைப் பாராட்டாது, தம்மை அடைந்தார் தம்மினும் தாழ்ந்தவராயினும் தாமே சென்று அவர் துயரைத் தீர்ப்பர். கடல் சிறு கழியினுள்ளும் செல்லுமன்றோ என்பது அது. கடலின் பெருமையைக் கூறுவார் அதன் அகலத்தையும் ஆழத்தையும் முழக்கத்தையும் கூறுவர். அது நாடோறும் இருமுறை ஏறி, வாய்க்கால் அகலமேயுள்ள கழிமுகத்திற் புகுந்து, சேற்றையும் தில்லைச் செடியையும் நனைத்து மீள்வதைக் கூறுதற்குக் கழியோரத்தில் நின்று பார்த்திருத்தல் வேண்டும். இடையன்திட்டுக் கழிமுகத்தில் கடல் இங்ஙனமே புகுந்து கழுவெளியை எட்டுகின்றது. உப்பளங்கட்கு நீர் தருவதும் அதுவே. பெருங்கடல் சிறுகழிக்கு இறங்கி வாராதாயின் இக்கரையில் ஒரு படி உப்பும் விளையாது.

இவ்வெண்பாவைப் பாடியவர் தம் நாவின் தலைமையைப் பாராட்டி 'மானிடரைப் பாடேன்' என்று நின்றவர் என்பதை நினைக்கும்போது, உவமையிற் கூறிய கடல் யார், கழி யார் என்பது சற்றே விளங்குகின்றது. இளைஞர்க்காக மணலிற் குனிந்து எழுதிய கவிசார்வபௌமரே கடலாயினார் என்று சொல்லலாம். அன்றி, பாட மறுத்து நின்ற புலவர்பால் தாமே கனவில் எழுந்தருளிய பெருமானைக் கடலாகக் கொள்ளினும் இழுக்கில்லை. உரை காண்பார் தத்தமக்கு ஏற்றதைக் கொள்க.

சிவப்பிரகாசர் தம் முப்பத்திரண்டாம் ஆண்டிலே, புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லாற்றூரிற் சிவபதம் எய்தினார். அவர் நின்று எழுதிய மணலை அலை கொண்டுபோயிற்று. கழியும் உப்பளமும் தத்தம் நிலையில் உள்ளன. கழுவெளியில் ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் நிலத்தை அரசினர் 2021-ஆம் ஆண்டு பறவைகள் காப்பிடமாக அறிவித்தனர். வடகீழ்ப் பருவமழையில் ஏரிபோல் நிறையும் அந்நீர்வெளிக்குத் தொலைநாட்டுப் புட்கள் ஆண்டுதோறும் வந்து தங்கி, வெயில் ஏறுமுன் மீள்கின்றன. சிவஞான பாலைய சுவாமிகள் மரபில் வந்த ஆதீனம் கடற்கரையை விட்டு மேற்கே மயிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, அங்குக் குன்றின்மேல் முருகன் திருக்கோயிலையும் புரந்து வருகின்றது. மயிலத்தில் இருந்தும் அதன் பெயர் இன்றளவும் பொம்மபுர ஆதீனம் என்றே வழங்குகின்றது.